வாயு எங்கிருந்து வருகிறது: வெற்றிடத் தொழில்நுட்பம் படித்த அனுபவம்

வெற்றிடப் பொறியியலில் முதுநிலைப் பயிற்சி எடுக்கலாமா என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் வகுப்பில் இயற்பியல், இயந்திரவியல், மின்னணுவியல் என்று மூன்று பக்கத்திலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். நேர்காணலில் பெரிய சூத்திரமெல்லாம் கேட்கவில்லை. அழுத்தம் என்பது மூலக்கூறுகள் சுவரில் போய் மோதுவதுதான் என்று புரிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் முதல் பருவத்தில் பலர் திணறியதும் இதே இடத்தில்தான். சாதாரண அழுத்தத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடும். அழுத்தத்தை நாங்கள் மில்லிபார் என்ற அலகில் சொல்வோம். அது 10⁻³ மில்லிபாருக்கு இறங்கினால், ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதுவதற்குள் சராசரியாக ஆறேழு சென்டிமீட்டர் போய்விடும். 10⁻⁶ மில்லிபாரில் அதுவே அறுபது மீட்டரைத் தாண்டும். அதாவது சேம்பருக்குள் (காற்றை வெளியேற்றும் மூடிய கலத்துக்குள்) மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திப்பதே அபூர்வம், சுவரில்தான் முட்டிக்கொண்டிருக்கும். பம்ப் வாயுவை உறிஞ்சுகிறது என்ற எண்ணத்தை அங்கே விட்டுவிட வேண்டும். மூலக்கூறு அலைந்து திரிந்து தானாகப் பம்பின் வாய்க்கு வந்தால்தான் உண்டு.

இது எவ்வளவு முக்கியம் என்று ஒரே ஒரு வீட்டுப்பாடக் கணக்கில் உறைத்தது. நொடிக்கு 300 லிட்டர் இழுக்கும் டர்போ பம்ப் (வேகமாகச் சுழலும் தகடுகளால் மூலக்கூறுகளைத் தள்ளும் பம்ப்) இருக்கிறது. அதை 2.5 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள குழாய் வழியாகச் சேம்பரோடு இணைக்கிறோம். மூலக்கூறுகள் சுவரில் மட்டுமே முட்டும் இந்த மூலக்கூறு ஓட்டத்தில் சேம்பருக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 2 லிட்டர்கூட இல்லை. பம்புக்குக் கொடுத்த காசு குழாயிலேயே போயிற்று! நீளமான குழாயில் கடத்துதிறன், அதாவது குழாய் வாயுவை விடும் அளவு, விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு. இன்றைக்கும் யாராவது வரைபடம் காட்டினால் நான் முதலில் பார்ப்பது குழாயின் விட்டத்தைத்தான்.

மற்ற பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பம்ப் வகைகள், கேஜ் (அழுத்தமானி) வகைகள், பொருள்கள், மென்படலப் பூச்சு. சூடான கம்பி இழக்கும் வெப்பத்தை வைத்து அழுத்தம் சொல்லும் பிரானி கேஜ் காட்டும் எண் உள்ளே இருக்கும் வாயுவைப் பொறுத்து மாறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பெரும்பாலும் நைட்ரஜனுக்குத்தான் அளவீடு செய்திருப்பார்கள்.

கைப்பழக்கம்தான் நிறைய நேரம் எடுத்தது. செப்பு வளையம் வைத்து மூடும் ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டில்) கத்திமுனை போன்ற விளிம்பு இருக்கும். அது செம்பில் பதிந்துதான் அடைப்பு உண்டாகிறது. அந்த விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் ஃபிளாஞ்சே வீண். செப்பு வளையம் ஒருமுறைக்குத்தான், திரும்பப் போடக் கூடாது. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்று முறுக்க வேண்டும். கையுறை இல்லாமல் உள்பக்கத்தைத் தொட்டால் ஆய்வக உதவியாளர் முறைப்பார். அந்த முறைப்பு நியாயம்தான், விரல் எண்ணெய் நாள்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் திட்டப்பணி. பழைய எஃகு சேம்பர் ஒன்றைக் கொடுத்து, 10⁻⁹ மில்லிபாருக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அது 10⁻⁶-லேயே நின்றுவிட்டது. "மைனஸ் ஆறைத் தாண்டிச்சா?" என்பதுதான் அந்த நாள்களில் எல்லோரும் என்னிடம் கேட்ட நலம் விசாரிப்பு. கசிவு வழியே உள்ளே நுழையும் ஹீலியத்தைக் கண்டுபிடிக்கும் ஹீலியம் லீக் டிடெக்டரை மாட்டி, மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பிலும் வெளியிலிருந்து ஹீலியத்தைத் தெளித்தேன். ஹீலியம் லேசானது, மேலே போகும். கீழிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று குழம்பிவிடும். காற்றில் அது பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் என்பதால் சிறு கசிவும் பளிச்சென்று தெரிய வேண்டும். எங்கும் தெரியவில்லை.

வழிகாட்டி, மீதமுள்ள வாயுவின் நிறைமாலையை (எந்த நிறையுள்ள மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை) எடுத்துப் பார்க்கச் சொன்னார். நிறை 18-ல் நீருக்கான முகடு வழக்கம்போல் இருந்தது. கூடவே 28, 32, 14, 40 எல்லாம் இருந்தன. 28-ம் 14-ம் நைட்ரஜன், 32 ஆக்சிஜன், 40 ஆர்கான். காற்றேதான். வெளியிலிருந்து வரவில்லை என்று ஹீலியம் சொல்கிறது, உள்ளே காற்று இருக்கிறது என்று நிறைமாலை சொல்கிறது. இரண்டும் சரியென்றால், காற்று உள்ளேயே எங்கோ அடைபட்டிருக்க வேண்டும். மாதிரி வைக்கும் மேடையைத் தாங்கிய திருகுகள் அடிமூடிய துளைகளில் இறுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு திருகின் அடியிலும் சிக்கிய காற்று, மரைகளின் இடுக்கு வழியே சிறுகச் சிறுகக் கசிந்துகொண்டிருந்தது. இதற்குத்தான் 'மாயக் கசிவு' என்று பெயர். நடுவில் துளையிட்ட திருகுகளைப் போட்டு, சேம்பரைச் சூடேற்றி நீரை விரட்டி, ஆறவிட்டதும் 10⁻⁹ வந்தது. அப்போது நிறைமாலையில் பெரிதாக நின்றது நிறை 2, எஃகுக்குள்ளிருந்து வரும் ஹைட்ரஜன்.

வாய்மொழித் தேர்வில் பம்பைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. உன் சேம்பரில் வாயு எங்கிருந்து வருகிறது, எப்படித் தெரியும், இதையே சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். வேலைக்குப் போன இடத்திலும் அதே கேள்விதான். குறைக்கடத்தி, மென்படலம், துகள்முடுக்கி என்று எந்தப் பக்கம் போனாலும் பம்ப் வாங்கப் பணம் இருக்கும். கசிவைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் தேவைப்படும்.

ஆகவே சேரும் முன் பாடத்திட்டத்தைவிட ஆய்வகத்தைப் பாருங்கள். லீக் டிடெக்டரும் நிறைமாலைக் கருவியும் மாணவர் கையில் கிடைக்குமா, அல்லது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று காட்டுவார்களா என்று படித்துக்கொண்டிருப்பவர்களிடமே கேளுங்கள். காட்டத்தான் செய்வார்கள் என்றால் வேறு இடம் தேடலாம்.