பாராசோம்னியா கேட்ட நாட்கள்

பிப்ரவரி 7, 2025

அமெரிக்க ப்ராக்ரெஸிவ் மெட்டல் இசைக்குழு ட்ரீம் தியேட்டரின் 16ஆவது ஸ்டுடியோ ஆல்பம் ‘பாராசோம்னியா’ இன்று வெளியானது. டிரம்ஸில் மறுபடியும் மைக் போர்ட்னாய்! 2010இல் குழுவை விட்டுப் போனவர், 2023 அக்டோபரில் திரும்பினார். இந்தக் குழுவுக்காக அவர் கடைசியாக வாசித்த ஆல்பம் வந்தது 2009இல். அத்தனை வருடக் காத்திருப்பு.

மொத்தம் 71 நிமிடம், தூக்கக் கோளாறுகளைச் சுற்றியே எல்லாப் பாட்டும். ‘நைட் டெரர்’ போன அக்டோபரிலேயே வந்து பழகிப்போன பாட்டு. ஆனாலும் குரலே இல்லாத முதல் பாட்டு முடிந்த கையோடு அது தொடங்கும்போது இன்னும் இருட்டாக ஒலிக்கிறது.

பிப்ரவரி 9

நண்பர்கள் ‘பழைய ட்ரீம் தியேட்டர் வந்தாச்சு’ என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் மைக் மான்ஜினி ஐந்து ஆல்பங்களில் வாசித்தார். 2022இல் ‘தி ஏலியன்’ பாட்டுக்குக் குழு முதன்முதலாக கிராமி வாங்கியபோதும் டிரம்ஸ் அவர்தான். அதையெல்லாம் இடைவேளை போல ஒதுக்குவது அநியாயம்.

வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, அது உண்மை. மான்ஜினி வாசித்த 2021 ஆல்பத்தையும் இதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டுக்கும் தயாரிப்பு குழுவின் கிட்டாரிஸ்ட் ஜான் பெட்ரூச்சி, மிக்ஸிங் ஆண்டி ஸ்னீப். அதனால் காதில் விழும் மாற்றத்தில் பெரும்பங்கு வாசிப்பவருடையதுதான். மான்ஜினியின் ஒவ்வொரு அடியும் அளந்து வைத்தது. எவ்வளவு சிக்கலான கணக்கும் அவரிடம் பிசகாது. போர்ட்னாய் பெட்ரூச்சியின் ரிஃப்போடு, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கோடு, பேசுகிறார். ரிஃப் கனமாக இறங்கும் இடத்தில் நேரான தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அது மூச்சு விடும் இடத்தில் டாம் டிரம்களில் புகுந்து பதில் சொல்கிறார். ‘டெட் அஸ்லீப்’ முழுக்க இந்த உரையாடல்தான்.

பிப்ரவரி 14

‘மிட்நைட் மெசையா’வின் வரிகள் போர்ட்னாய் எழுதியவை. பழைய பாட்டுகளின் சொற்களை அங்கங்கே தூவியிருக்கிறார். ரசிகர்கள் கண்டுபிடித்து மகிழ்வார்கள், சரி. ஆனால் வேகமாக ஓடும் அந்த நல்ல ரிஃப்புக்கு அந்த நினைவூட்டல் தேவைப்படவே இல்லை.

மார்ச் 1

இப்போது அதிகம் கேட்பது ‘பெண்ட் தி க்ளாக்’. ஏழு நிமிடச் சொச்சம். 61 வயது ஜேம்ஸ் லாப்ரீ உச்சத்துக்கு ஏறி நிரூபிக்க முயலாமல், தன் குரல் இன்று இயல்பாக நிற்கும் இடத்திலேயே பாடுகிறார். அப்புறம் பெட்ரூச்சியின் சோலோ. வேகம் காட்டாமல் ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி அழவிடுகிறார்.

பத்தொன்பதரை நிமிட ‘தி ஷேடோ மேன் இன்சிடென்ட்’ இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. விழிப்பு வந்தும் உடம்பை அசைக்க முடியாத நிலையில் சிலருக்குத் தெரியும் நிழல் உருவம் பற்றியது. பாடல் பகுதிகள் உலுக்குகின்றன. நடுவில் வரும் நீண்ட வாத்திய ஓட்டம் மட்டும் அந்தப் பயத்தை விட்டு விலகிப் போகிறது. அங்கே ஜான் மியுங்கின் பேஸை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.