விசை எங்கே போகிறது?

பேட்டரி இல்லாத கைக்கடிகாரம் எதுவாக இருந்தாலும் அது ஓடுவதற்கான விசை ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. பேரல் என்ற பல் வைத்த சின்ன உருளைக்குள் சுருண்டு கிடக்கும் மெயின்ஸ்பிரிங்தான் அந்த இடம். சாவி கொடுத்தோ, ஆட்டோமேட்டிக் என்றால் கையை அசைத்தோ அதில் எவ்வளவு ஏற்றினோமோ அவ்வளவுதான் கையிருப்பு. ரிப்பேராகட்டும், மாடிஃபிகேஷன் ஆகட்டும், மேஜையில் ஒரு மூவ்மென்ட், அதாவது கடிகாரத்தின் உள் இயந்திரம், வந்து உட்கார்ந்ததும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: அந்த விசை எங்கே போகிறது?

பேரலில் இருந்து சென்டர் வீல், தேர்ட் வீல், ஃபோர்த் வீல், எஸ்கேப் வீல், அதை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட் ஃபோர்க், கடைசியில் முன்னும் பின்னும் ஆடித் துடிக்கும் பேலன்ஸ் சக்கரம் என்று விசை கைமாறிப் போகிறது. ஒவ்வொரு சக்கரத்தைத் தாண்டும்போதும் வேகம் கூடும், பலம் குறையும். பேரல் பற்கள் சென்டர் வீலைத் தள்ளும் அழுத்தம் பித்தளையையே தேய்த்துவிடும். எஸ்கேப் வீலுக்கு வரும்போதோ ஒரு தூசு குறுக்கே விழுந்தால் நின்றுவிடும் அளவுக்குத்தான் பலம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் மணிக்கு 18,000 முறை துடிக்கும் பழைய மூவ்மென்ட் வருடத்துக்கு 15 கோடிக்கும் மேல் துடிக்கிறது. மணிக்கு 28,800 என்றால் 25 கோடியைத் தாண்டும். இவ்வளவு சின்ன சக்தியில் இவ்வளவு காலம் ஓடும் வேறொரு இயந்திரத்தை நான் கையில் எடுத்ததில்லை. அதனால்தான் இந்தத் தொழிலின் மேல் எனக்கு இன்னும் அலுப்பு வரவில்லை.

பேலன்ஸ் நன்றாகச் சுற்றித் திரும்பினால் மேலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். அது ஒரு பக்கம் எத்தனை டிகிரி போய்த் திரும்புகிறது என்பதை ஆம்ப்ளிட்யூட் என்போம். முழுக்கச் சாவி கொடுத்து டயல் மேலே பார்க்க வைத்தால் 270 முதல் 310 டிகிரி வரை காட்டினால் ஆரோக்கியம். 200-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் எங்கோ விசை ஒழுகுகிறது. டைம்கிராஃபர் என்ற கருவி துடிப்பின் சத்தத்தை மைக்கில் வாங்கி இதைக் கணக்கிட்டுச் சொல்லும். ஆனால் கருவி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. மூவ்மென்டின் லிஃப்ட் ஆங்கிள், அதாவது பேலன்ஸ் ஃபோர்க்கைத் தொட்டுக்கொண்டு கடக்கும் கோணம், என்ன என்று முதலில் நாம் அதற்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கருவிகள் 52 டிகிரியில் வைக்கப்பட்டு வரும். ஈடிஏ 6497 என்ற மூவ்மென்டுக்கு அது 44. இதை மாற்றாமல் அளந்தால், உண்மையில் 240 டிகிரிதான் சுற்றும் பேலன்ஸ் 280-ஐத் தாண்டிச் சுற்றுவதாகக் கருவி காட்டும். களைத்துப் போன கடிகாரத்தைத் திடகாத்திரமானது என்று எழுதிக் கொடுத்துவிடுவோம்.

6497-ஐப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேலை நினைவுக்கு வருகிறது. யூனிட்டாஸ் என்ற பெயரில் பாக்கெட் கடிகாரங்களுக்காகப் பிறந்த மூவ்மென்ட் அது. 36.6 மி.மீ. அகலம், பெரிய பெரிய சக்கரங்கள். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. வந்த கடிகாரம் மந்தமாக ஓடியது, ஆம்ப்ளிட்யூட் 190-ஐ ஒட்டித் தடுமாறியது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தால் சக்கர அச்சுகள் உட்காரும் ஜுவல் கற்களின் துளைகளில் எண்ணெய் காய்ந்து பழுப்புப் பிசினாகியிருந்தது. பிரித்துக் கழுவி, எண்ணெயிட்டு, திரும்பப் பூட்டினேன். ஆம்ப்ளிட்யூட் ஏறியது. ஏறிக்கொண்டே போய் 330-ஐத் தாண்டியது. சீரான டிக் டிக் போய், குதிரை பாய்வது போல ஒரு தடதடப்பு கேட்டது. பேலன்ஸ் அளவுக்கு மீறிச் சுற்றி, அதில் பதித்திருக்கும் இம்பல்ஸ் ஜுவல் என்ற கல் ஃபோர்க்கின் வெளிப்பக்கத்தில் போய் மோதுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்படி மோதும்போது கடிகாரம் நிமிடக் கணக்கில் முந்தி ஓடும்.

பேரலைத் திறந்து ஸ்பிரிங்கை மைக்ரோமீட்டரில் அளந்தேன். அந்த மூவ்மென்டுக்கு உரியதைவிடத் தடிமனாக இருந்தது. முன்பு யாரோ, அழுக்கைக் கழுவுவதற்குப் பதில் பலமான ஸ்பிரிங்கைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு ஓடியும் இருக்கும். விலையைக் கொடுத்தது மூவ்மென்ட்: பேரலின் நடு அச்சான ஆர்பர் உட்காரும் பித்தளைத் துளை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் நீண்டு தேய்ந்திருந்தது. பேரல் சாய்ந்து சுழன்ற தடம் சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடான பிரிட்ஜின் அடியில் பளபளவென்று ஒரு வளைவாகத் தெரிந்தது. துளைக்கு புஷ் என்ற புது உள்வளையம் போட்டு, சரியான ஸ்பிரிங்கை வைத்தேன். 285-இல் வந்து நிலைத்தது. பலம் போதவில்லை என்று தோன்றும் இடத்தில் பலத்தைக் கூட்டுவது ரிப்பேர் ஆகாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பிரிக்கும்போது முதல் வேலை ஸ்பிரிங்கை இறக்குவது. சாவி கொடுக்கும் கிரவுனை விரலில் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் அவிழாமல் தடுக்கும் கிளிக்கை ஒதுக்கி, மெதுவாகச் சுழலவிட வேண்டும். விசையை இறக்காமல் பேலட் ஃபோர்க்கைத் தூக்கினால் மொத்தச் சக்கரங்களும் கட்டவிழ்ந்து பறக்கும், அச்சின் நுனியான பிவட் ஒடிவதும் உண்டு. திரும்பப் பூட்டும்போது நான் மிகவும் ரசிக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. சக்கரங்களை வைத்து பிரிட்ஜைத் திருகியாயிற்று, ஃபோர்க் இன்னும் போடவில்லை. இரண்டு மூன்று கிளிக் மட்டும் சாவி கொடுக்க வேண்டும். எஸ்கேப் வீல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்று, மெல்ல அடங்கி, நிற்கும் இடத்தில் ஒரு சிறு அளவு பின்னோக்கித் திரும்பும். அந்தப் பின்திரும்பல் வந்தால் பாதை சுத்தம். திடீரென்று வெட்டினாற்போல நின்றால் எந்தச் சக்கரமோ இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் ட்வீசரால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் கெட்டுப் போகும் சர்வீஸ்களில் பாதிக்கு மேல் இங்கேதான் கெடுகின்றன என்பது என் எண்ணம். பேரல் பக்கம் அழுத்தம் அதிகம், வேகம் குறைவு; அங்கே கெட்டியான எண்ணெய். எஸ்கேப் வீல், பேலன்ஸ் பக்கம் வேகம் அதிகம், அழுத்தம் சொற்பம். அங்கே மோபியஸ் 9010 போன்ற நீர்த்த எண்ணெய். ஃபோர்க்கின் முனையில் இருக்கும் பேலட் கல்லுக்கு 9415. கல் மோதும் கணத்தில் இளகி, மற்ற நேரம் கெட்டியாக நின்றுகொள்ளும் குணம் அதற்கு. பேலட் ஃபோர்க்கின் பிவட்களுக்கோ எண்ணெயே கூடாது. அது சுழல்வதில்லை, சின்னக் கோணத்தில் அசைந்து திரும்புகிறது. எண்ணெயின் பிசுக்கே அதற்குப் பெரிய சுமை. புதிதாக வருபவர்கள் 'எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு' என்று இதற்கும் வைத்துவிடுவார்கள்.

எவ்வளவு வைப்பது என்பதற்குக் கண்தான் அளவுகோல். பேலன்ஸின் கேப் ஜுவல் தட்டையான செயற்கை மாணிக்கக் கல். அதில் எண்ணெய் வைத்து மாட்டியபின் மேலிருந்து சாய்த்துப் பார்த்தால் கல்லுக்கு அடியில் எண்ணெய் ஒரு வட்டமாகத் தெரியும். வட்டம் கல்லின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். விளிம்பைத் தொட்டுவிட்டால் எண்ணெய் பரவி வெளியே போய்விடும். கூடுதலாக வைத்ததாலேயே கடைசியில் பிவட் காய்ந்து நிற்கும். கழற்றி, துடைத்து, மறுபடி வைப்பதைத் தவிர வழியில்லை.

பேலன்ஸை ஆட்டித் திருப்பும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1675-இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் சுருள் ஸ்பிரிங்கைப் பேலன்ஸோடு சேர்த்தபிறகுதான் சட்டைப்பையில் வைக்கும் கடிகாரத்துக்கு நம்பகம் வந்தது. எஃகுச் சுருள் வெயிலுக்கு ஒரு மாதிரியும் குளிருக்கு ஒரு மாதிரியும் நடந்துகொண்ட சிக்கலுக்கு, சுவிஸ் இயற்பியலாளர் சார்ல் எதுவார் கியோம் ஆராய்ந்த நிக்கல் கலந்த எஃகுகள் வழிகாட்டின. 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மேஜைக்கு வரும் ஹேர்ஸ்பிரிங் புகார்களில் பெரும்பங்கு காந்தம் தொடர்பானது. சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நீளம் குறைந்த ஸ்பிரிங் போல வேலை செய்யும், கடிகாரம் முந்தும். திறக்கவே வேண்டாம், காந்தம் நீக்கும் கருவியில் காட்டி எடுத்தால் போதும். முந்தி ஓடுகிறது என்று சொல்லி வரும் எந்தக் கடிகாரத்தையும் முதலில் திசைகாட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

மாடிஃபிகேஷன் வேலைகள் இப்போது அதிகம் வருகின்றன. சைகோவின் 7எஸ்26 மூவ்மென்டை எடுத்துவிட்டு என்ஹெச்35 வைத்துக் கொடுங்கள் என்பது அடிக்கடி கேட்கும் கோரிக்கை. நியாயமான கோரிக்கையும்தான். பழையதில் கிரவுனைச் சுற்றிச் சாவி கொடுக்க முடியாது, கிரவுனை இழுத்தால் வினாடி முள்ளும் நிற்காது; புதியதில் இரண்டும் உண்டு. டயல் மாற்றுவதும் முள் மாற்றுவதும் சுலபம் என்று நினைக்கிறார்கள். நான்கு மணிப் பக்கம் கிரவுன் இருக்கும் கேஸுக்கான டயலில், மூவ்மென்டோடு பொருத்தும் கால்கள் வேறு இடத்தில் இருக்கும். மூன்று மணிக் கிரவுனுக்கு அதை வைக்க வேண்டுமென்றால் கால்களை வெட்டி, பசை வட்டத்தில் ஒட்டுவார்கள். ஒட்டலாம். ஆனால் பசை வட்டத்தின் தடிமனில் டயல் எழும்பும், மணி முள் அதில் உரசுமா என்று பார்க்க வேண்டும்.

ஒருவர் கொண்டுவந்த கடிகாரம் பகலெல்லாம் நன்றாக ஓடி, இரவில் செங்குத்தாக நிற்க வைத்தால் விடிவதற்குள் ஓட்டம் நின்றுவிடும். முன்பு செய்தவர்கள் மூவ்மென்டையே மாற்றிப் பார்த்துவிட்டார்களாம். நிற்கும் நேரங்களைக் குறித்துவைக்கச் சொன்னேன். மணி வேறு வேறாக இருந்தது, வினாடி முள் மட்டும் எப்போதும் 40-லிருந்து 45-க்குள். அது அழகுக்காகப் போட்ட முள். நுனியில் ஒளிரும் பூச்சு நிரப்பிய வட்டம், பின்பக்கம் எதிர் எடை போதாது. கடிகாரம் செங்குத்தாக நிற்கும்போது முள் ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு ஏற வேண்டும். ஒன்பதுக்குப் பக்கத்தில் ஏற்றத்தின் சுமை உச்சம். வினாடி முள்ளைச் சுமக்கும் சக்கரமோ எஸ்கேப் வீலுக்குச் சற்று முன்னால் இருப்பது, பலம் மெலிந்துபோன இடம். ஸ்பிரிங் பாதி இறங்கிய பிறகு அந்த ஏற்றத்தை அதனால் ஏற முடியவில்லை. எதிர் எடையுள்ள முள்ளாக மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. மூவ்மென்டில் நான் கைவைக்கவே இல்லை.

விசையைத் துளியும் தின்னாத மாடிஃபிகேஷன்கள் என்றால் எனக்குத் தனிப் பிரியம். திருகுகளுக்கு நீலமேற்றுவது அப்படியானது. எஃகுத் திருகின் தலையைக் கண்ணாடியாகப் பாலிஷ் செய்து, எண்ணெய்ப் பசை சுத்தமாகப் போகக் கழுவி, பித்தளைத் தூள் நிரப்பிய தட்டில் குத்தி வைத்து அடியில் சூடேற்ற வேண்டும். கைரேகை பட்டிருந்தால் அந்த இடம் திட்டாக நின்றுவிடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா. 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஆழ்ந்த நீலம் சட்டென்று வரும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். விட்டால் வெளிறி, சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். ஒரே மூவ்மென்டின் திருகுகள் எல்லாம் ஒரே நீலத்தில் வருவதற்கு இயந்திரம் எதுவும் உதவாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்கெலட்டன் வேலை நேர் எதிர். பிரிட்ஜில் ஓட்டை போட்டு அறுத்து அறுத்து, உள்ளே இருக்கும் சக்கரங்கள் தெரியும்படி செய்வது. பார்க்க மயக்கும். ஆனால் பிரிட்ஜ் வெறும் மூடி கிடையாது. பிவட்களை அவற்றின் உயரத்தில் நிறுத்திப் பிடிப்பது அதுதான். மிகவும் மெலிதாக்கிவிட்டால் திருகை இறுக்கும்போதே வளைந்து சக்கரத்தை அமுக்கும். நான் அறுப்பதற்கு முன்னால் ஜுவல்களைச் சுற்றியும் திருகு உட்காரும் இடத்திலும் தொடக்கூடாத வளையங்களை வரைந்துகொள்வேன். அறுத்து முடித்ததும், அலங்காரத்தைத் தொடங்குவதற்கு முன்பே, ஒரு முறை சக்கரங்களைப் போட்டு அந்தப் பின்திரும்பல் வருகிறதா என்று பார்த்துவிடுவேன்.

6497-இல் இதைச் செய்ய எனக்குத் தயக்கமில்லை. அதே வடிவத்தில் செய்யப்படும் மூவ்மென்ட்களும் கிடைக்கின்றன, பிரிட்ஜ் வீணானால் இன்னொன்று வாங்கலாம். உதிரிபாகம் வருவது நின்றுபோன பழைய மூவ்மென்டை அறுக்கச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுகிறேன், எவ்வளவு வற்புறுத்தினாலும். பழைய கேஸ்களின் பின்மூடிக்கு உள்பக்கம் பார்த்தால் முன்பு சர்வீஸ் செய்தவர்கள் ஊசியால் கீறிவைத்த தேதிகளும் குறிகளும் இருக்கும். எனக்கு முன் எத்தனை பேர் அதைத் திறந்து, கெடுக்காமல் மூடியிருக்கிறார்கள் என்பது அந்தக் கீறல்களில் இருக்கிறது. எனக்குப் பிறகும் யாரோ திறக்கப் போகிறார்கள். நான் கீறுவதில்லை, கேஸ் உரிமையாளருடையது. ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன்: எந்த ஸ்பிரிங், என்ன எண்ணெய், ஒவ்வொரு நிலையிலும் ஆம்ப்ளிட்யூட் எவ்வளவு, எந்த முள்ளை மாற்றினேன். கழற்றிய பழைய பாகங்களையும் சின்ன உறையில் போட்டு அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். 'இதெல்லாம் எனக்கு எதற்கு' என்று வாங்க மறுப்பவர்களிடமும், விற்கும்போது கடிகாரத்தோடு சேர்த்து இதையும் கொடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.