வில்லியம் பெண்டிங்க் வாழ்க்கையை எழுதிய பதினான்கு மாதங்கள்

வேலூரில் வளர்ந்த எனக்கு வில்லியம் பெண்டிங்க் பிரபு இரண்டு ஆட்களாகவே இருந்தார். 1829-இல் கவர்னர் ஜெனரலாக இருந்து, கணவன் சிதையில் மனைவியை எரிக்கும் சதி வழக்கத்தைத் தடை செய்தவர் பாடப்புத்தகத்தில் இருந்தார். 1806 ஜூலை 10 விடியுமுன் எங்கள் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது சென்னையில் கவர்னராக இருந்தவரைப் பற்றி யாரும் பேசியதில்லை. இருவரையும் ஒரே கட்டுரையில் ஒரே மனிதராக எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரைவிலேயே பெரிய பிழை. 'பிரபு' என்பதை நம்பி, அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபையில் அமர்ந்தவர் என்று எழுதிவிட்டேன். அவர் மூன்றாம் போர்ட்லண்ட் டியூக்கின் இரண்டாவது மகன். டியூக்கின் இளைய மகன்களுக்கு அந்தப் பட்டம் மரியாதைக்கு மட்டும்தான். மேல்சபையில் இடம் கிடையாது. அதனால்தான் 1796-இல் மக்கள் சபைக்குப் போட்டியிட்டு உறுப்பினரானார். பட்டமும் பரம்பரைச் சொத்தும் அண்ணனுக்கு. தம்பிக்கு ராணுவமும் தேர்தலும் கடல் கடந்த பதவியும். 28 வயது இளைஞர் 1803-இல் சென்னைக்குக் கவர்னராக வந்ததை அதன் பிறகே என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது.

அவருடைய கடிதங்கள் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அங்கே இரண்டு நாள் உட்கார்ந்தேன். கையெழுத்து பழகவே ஒரு பகல் போயிற்று. தேதிக்குப் பக்கத்தில் 'இன்ஸ்ட்' என்றிருந்தால் இந்த மாதம், 'அல்ட்' என்றிருந்தால் போன மாதம். இது தெரியாமல் எடுத்த குறிப்புகளையெல்லாம் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

எனக்கு மிகவும் உதவியது ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு பத்தியில் சென்னையில் நடந்தது, எதிர்ப் பத்தியில் லண்டனில் நடந்தது. கப்பலில் செய்தி போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும் என்பதால் இரண்டையும் அருகருகே வைக்காமல் எதுவும் புரியாது. அப்படி எழுதும்போதுதான் கவனித்தேன்: 1807 மார்ச் 31-இல் பெண்டிங்க்கின் தந்தை இரண்டாம் முறையாகப் பிரதமரானார். மகனைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் உத்தரவு அதே ஆண்டு சென்னை வந்தது. பிரதமரின் மகன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தேன்.

அந்த இயக்குநர்களுக்கு அவர் எழுதி 1810-இல் அச்சான முறையீட்டையும் வரிவரியாகப் படித்தேன். சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிச் சின்னமும் கடுக்கனும் அணியக்கூடாது, முகவாயை மழிக்க வேண்டும் என்ற விதிதான் வேலூர் எழுச்சியைத் தூண்டியது. அந்த விதி, பழைய வழக்கங்களின் தொகுப்பு என்று சொல்லப்பட்ட ராணுவ நிலையாணைகளுக்குள் புகுந்திருந்தது. அது தன் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை என்கிறார். அவர் சொல்வதை நம்புகிறேன். ஆனாலும் கோபம் தணியவில்லை. கோட்டைக்குள் மடிந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களுக்கு அந்த ஒரு பத்தி என்னவாக இருந்தது என்பதை ஆளுகிறவர் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டாமா? இந்த இடத்தை ஏழு முறை திருத்தினேன். இரக்கத்தையும் குற்றச்சாட்டையும் ஒரே பத்தியில் விட்டுவைத்தேன்.

கவர்னர் ஜெனரல் பதவி முடிந்து இந்தியாவிலிருந்து திரும்பிய பின் பிரபுப் பட்டம் தேடி வந்தபோது மறுத்துவிட்டு, 1836-இல் கிளாஸ்கோ உறுப்பினராக மீண்டும் மக்கள் சபைக்கே போனார். அதை எழுதியதும் கட்டுரைத் தலைப்பிலிருந்த 'பிரபு'வை நீக்கினேன்.

இத்தாலியத் தீவான சிசிலியில் அவர் பிரிட்டிஷ் தூதராக இருந்த காலத்தை எழுதுவது மட்டும் பாக்கி இருக்கிறது. 1812 அரசியலமைப்பு உருவாக அவர் தந்த நெருக்கடியைச் சிசிலி மக்களின் எழுத்திலேயே படிக்க விரும்புகிறேன். இத்தாலிய மொழி கற்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது.