கத்தலை விட அட்டை விரைவாகப் பலிக்கவேண்டும்

கணக்குப் பாடத்தில் ஓட்டிசம் உள்ள பிள்ளை கத்துகிறான், ரீச்சர் வெளியே அனுப்புகிறார், கத்தல் நின்றுவிடுகிறது. கண்டிப்பு பலித்தது என்று நாம் நினைக்கிறோம். கத்தினால் கணக்குச் செய்யத் தேவையில்லை என்பதைத்தான் அவன் படித்துக்கொண்டான்.

ஆகவே முதலில் ஒரு கொப்பியில் மூன்று நிரல்: முன்னர் நடந்தது, பிள்ளை செய்தது, உடனே பின்னர் நடந்தது. நேரத்தையும் குறியுங்கள். ஐந்து பாடசாலை நாட்கள் போதும். ‘அடம்பிடித்தான்’ என்று எழுதினால் பயனில்லை. ‘கொப்பியை எறிந்துவிட்டு 4 நிமிடம் மேசைக்கடியில் இருந்தான்’ என்று எழுதவேண்டும். திருகோணமலையில் காலநிலையையும் குறிப்பது நல்லது. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் ஆனி, ஆடியில் மின்விசிறி நின்ற வகுப்பறையும், கார்த்திகை மழையில் இரையும் தகரக் கூரையும் பாடத்துக்குச் சம்பந்தமில்லாமலே ஓட்டிசம் உள்ள பிள்ளையைக் குலைத்துவிடும். அதற்கு இருக்கையை மாற்றுங்கள், காதுமூடி கொடுங்கள். பழக்கமில்லாத நடத்தை திடீரென்று வந்தால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் உண்டா என்று முதலில் பார்க்கவேண்டும்.

வேலையிலிருந்து தப்பத்தான் கத்துகிறான் என்று கொப்பி காட்டினால், ஓய்வு அட்டை: கத்துவதற்குப் பதில் இதைக் கொடுத்து அவன் ஓய்வு கேட்கலாம். உள்ளங்கை அளவு மட்டையில் ஒரு படம், ‘ஓய்வு’ என்ற சொல். பிள்ளை அமைதியாக இருக்கும்போதுதான் பழக்கவேண்டும். கத்தும்போது அட்டையை நீட்டினால் கத்தல்தான் அட்டைக்கு வழி என்றாகிவிடும். பெரியவர்கள் இருவர் தேவை. பின்னால் இருப்பவர் பேசாமல் பிள்ளையின் கையை அட்டைக்கு வழிகாட்டுவார். முன்னால் இருப்பவர் அதை வாங்கி, “ஓய்வு, சரி” என்று சொல்லி அந்தக் கணமே விடுவிப்பார். வகுப்பின் மூலையில் ஒரு பாய், 2 நிமிட மணற்கடிகாரம். விளையாட்டுச் சாமான் வேண்டாம். திரும்பி வந்ததும் அதே கணக்குத்தான், ஆனால் பத்துக்குப் பதில் மூன்று.

பெரும்பாலும் குழம்புவது இதற்குப் பிறகுதான். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு இருபது தரம் அட்டை வரலாம். “இப்பதானே போனனீ?” என்று ஒரு தரம் மறுத்தாலும் பிள்ளை பழைய வழிக்கே போவான், அது நிச்சயமாகப் பலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். இருபது தரம் கேட்டான் என்றால் இருபது தரம் கத்தவில்லை. இரண்டு வாரம் மறுக்காமல் கொடுத்த பிறகே, “இன்னும் ஒரு கணக்கு, பிறகு ஓய்வு” என்று காத்திருக்கும் நேரத்தை நீட்டலாம். பிறகு இரண்டு கணக்கு. கத்தல் திரும்பினால் ஒரு படி பின்னுக்குப் போங்கள்.