டீ கேட்ட பாட்டி

இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்து வேலையில் சேர்ந்த நான்காவது நாள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர் ஹோமில் மாலை ஐந்தரை மணி இருக்கும். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பாட்டி கூப்பிட்டு, தனக்கு இன்னும் டீ வரவில்லை என்றார். உடனே பால் விட்டு, சர்க்கரை போட்டு ஒரு கப் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே சொன்னார், மறுபடி ஒரு கப். மூன்றாவது தடவையும் கேட்டபோது, பாவம் மறதி, குடித்தது கூட நினைவில்லை என்று நானே முடிவுகட்டி, அவருடைய குறிப்பேட்டிலும் 'திரும்பத் திரும்ப டீ கேட்கிறார்' என்று எழுதி வைத்துவிட்டேன்.

ஏழு மணிக்கு வந்த சீனியர் அக்காதான் கண்டுபிடித்தார். பாட்டிக்கு ராத்திரிச் சாப்பாடே போகவில்லை, தட்டு சமையலறையில் ஆறிக்கிடந்தது. அவர் தெளிவாகத்தான் கேட்டிருக்கிறார், எனக்குத்தான் அந்த வார்த்தை தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வட இங்கிலாந்தில் நிறையப் பேருக்கு டீ என்றால் சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பிடும் முழுச் சாப்பாடு. மத்தியானம் சாப்பிடுவது டின்னர். தூங்கும்முன் கடிக்கும் டோஸ்ட், பிஸ்கட் சப்பர். லண்டன் பக்கம் போனால் டின்னர் ராத்திரிக்கு மாறிவிடும், ஆனால் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டை மட்டும் அங்கேயும் ஸ்கூல் டின்னர் என்பார்கள். டெவன், கார்ன்வால் பக்கத்து கிரீம் டீயில் கிரீம் டீக்குள் போகாது, டீயோடு வரும் ஸ்கோன் என்ற பன் மாதிரியான பண்டத்தின் மேல் ஜாமோடு சேர்த்துத் தடவுவது. டெஸ்ட் மேட்ச் டீ என்றால் இருபது நிமிட இடைவேளை. அப்புறம் இந்த ஊரில் டீயை 'மாஷ்' பண்ணு என்று ஒருவர் சொல்ல, நான் உருளைக்கிழங்கைத் தேடினேன், டீ போடச் சொல்லியிருக்கிறார்.

நம் ஊரிலும் "டீ சாப்பிடலாமா" என்றுதானே கேட்கிறோம்? குடிப்பதைச் சாப்பிடுவது என்கிறோம், இவர்கள் சாப்பிடுவதையே டீ என்கிறார்கள். தேயிலையில் இருக்கும் 'தே'யும், யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்லும் தேத்தண்ணியும், இந்த டீயும் எல்லாமே சீனக் கடற்கரைப் பேச்சில் இருந்த ஒரே சொல்லில் இருந்து வந்தவை. அவ்வளவு பழகிய சொல் என்பதால்தான் அர்த்தம் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சியில் ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்ட் பற்றி, கை கழுவுவது பற்றி எல்லாம் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை. முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டுக்காரர்களை வேலைக்கு வைக்கிறவர்கள் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது. இப்போது கேரளத்தில் இருந்தோ நம் ஊரில் இருந்தோ யார் புதிதாகச் சேர்ந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். யாராவது ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால், மறதி என்று எழுதும்முன் பக்கத்தில் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று விசாரியுங்கள் என்றும்.

மறுநாள் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இன்றைக்கு டீக்கு என்ன வேண்டும் என்றேன். முட்டையும் சிப்ஸும் என்றார்.