பகல் தூக்கக் கணக்கு

ஜனவரி 8, 2024, திங்கள்

மறுபடி நைட் ஷிப்ட். மாலை 7-இலிருந்து காலை 7 வரை, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் வேலை. ஃபேக்டரி பஸ் கிளம்பும்போது வெளியே இன்னும் அரை இருட்டுதான். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் இந்த மாதத்தில் பினாங்கில் சூரியன் தலைகாட்ட ஏழரை ஆகிவிடுகிறது. இருட்டோடு இருட்டாக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம், வீடு தீவிலேயே இருந்தால்.

என் வீடு கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில். பாலம் 13.5 கிலோமீட்டர், பஸ் போவது கிழக்கே. பாதிக் கடலில் போகும்போது வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கிறது. கண்ணில் அந்த வெளிச்சம் பட்டால் தூக்கத்துக்கான ஹார்மோன், மெலட்டோனின், சுரப்பது அடங்கிவிடும். படுக்கப் போகிறவளை சூரியன் உலுக்கி எழுப்பிவிடுகிறான்.

ஜனவரி 10, புதன்

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். "என்னம்மா, கண் ஆப்பரேஷனா?" என்றார் டிரைவர் அங்கிள். சிரிக்கட்டும். எட்டரைக்குப் படுத்தேன், உடனே தூக்கம் வந்தது.

பதினொன்றே காலுக்கு லாரி வந்தது. "சூராட் காபார் லாமா..." பழைய பேப்பர் வாங்கும் அந்த ஒலிபெருக்கிக் குரல் எங்கள் ஃபிளாட்டை ஒரு முழுச் சுற்று சுற்றும். பக்கத்தில் வந்து, தேய்ந்து, போய்விட்டது என்று நினைக்கும்போது பின்பக்கத்திலிருந்து திரும்ப வரும். அதற்குப் பிறகு எங்கே தூங்குவது? ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டி வெளிச்சத்தைத் தடுத்துவிட்டேன். சத்தத்துக்கு என்ன ஒட்டுவது?

ஜனவரி 12, வெள்ளி

விடியற்காலை நாலு மணிதான் கண்டம். உடம்புச் சூடு மிகவும் இறங்கும் நேரம் அது. குளிர் அறையில், தலை முதல் கால் வரை மூடிய அந்த உடைக்குள்ளேயும் நடுங்குகிறது. மைக்ரோஸ்கோப்பில் ஒரே சிப்பை மூன்று தடவை பார்த்தேன்.

அந்த நேரத்தில் கோப்பி குடிப்பதை விட்டுவிட்டேன். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்த கோப்பி ஒன்பது மணிக்கு என்னோடு கட்டிலில் படுத்திருக்கும். இப்போது இரவு பத்துக்கு ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி), அதோடு சரி.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நான் வரும்வரை அம்மா பால் ஊற்றாமல் காத்திருந்தார். பால் பொங்கியபோது சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். தங்கை வீடியோ எடுத்துவிட்டாள்.

ஜனவரி 19, வெள்ளி

இன்று அம்மாவோடு சண்டை. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டுகிறார். "எழுந்து சாப்பிட்டுட்டுப் படும்மா. வெறும் வயித்தோட என்ன தூக்கம்?" ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களை எழுப்பிச் சோறு போட்டால் சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது. கேட்டிருக்க வேண்டாம்.

அவருக்குப் பகலில் தூங்குவது என்றால் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் கண் அசருவது. எனக்கு அதுதான் ராத்திரி என்று எப்படிப் புரியவைப்பது? ஃபோன் செய்யும் அத்தையும் அப்படித்தான்: "தூங்குறியா? சரி சரி, ஒரு நிமிஷம்தான்..."

ஜனவரி 26, வெள்ளி

தைப்பூசத்துக்கு முந்தைய நாளே லீவு எடுத்தேன். அப்பா காரில் எல்லோரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். ராத்திரி ரெண்டு மணிக்கு 513 படிகள். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிறார்கள், எங்கோ உறுமிச் சத்தம், தோளில் தூங்கும் பிள்ளைகள். நான் விழித்திருக்கிற நேரத்தில் ஊரே விழித்திருந்தது. எல்லோரும் தள்ளாடிக்கொண்டு ஏற, நான் மட்டும் பகல் போல நடந்தேன். "உனக்கு எப்படிடி தூக்கமே வரல?" என்றார் அம்மா, ஒவ்வொரு படியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு.

நேற்றுக் காலை வீடு திரும்பி, எல்லோரும் என் அறையிலேயே பாய் விரித்துப் படுத்தோம். இருட்டு அங்கேதான் இருக்கிறது.

இன்று நான் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தேன். பதினொரு மணிவாக்கில் லாரிச் சத்தம். கண்ணைத் திறப்பதற்குள் அம்மா வராந்தாவுக்கு ஓடி, மூன்றாம் மாடியிலிருந்து கத்துவது கேட்டது: "டியாம்லா! சத்தம் போடாதே! பிள்ளை தூங்குது!"

அவர் குரல்தான் என்னை எழுப்பியது.