வெருளியைப் படிக்கப் போகிறேன்

முதுமாணி ஆய்வுக்குச் சிறுவர் இலக்கியம்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் "குழந்தைப் பாட்டைப் படிக்க ஒரு பட்டமோ?" என்று மாமா கேட்டார். ஓம், அதற்கும் பட்டம் இருக்கிறது, அமெரிக்காவின் பொஸ்ரனில் உள்ள சிமன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1977இலிருந்தே சிறுவர் இலக்கியத்துக்கென்று தனி முதுமாணிப் படிப்பு நடக்கிறது.

எனக்கு இந்த ஆசை வந்தது போன ஆடிப்பிறப்பு அன்று. அம்மா கூழ் காய்ச்சிக்கொண்டிருக்க, விறாந்தையில் இருந்து பெறாமகளுக்கு யாழ்ப்பாணத்து நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரித் தோட்டத்து வெருளிப் பாட்டை வாசித்தேன். வெருளி என்றால் தோட்டத்துக்குக் காவலாக ஆளைப்போல நிறுத்தி வைக்கும் பொம்மை. சேவகன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது வெறும் பொம்மை என்பதைப் புலவர் பாட்டின் கடைசிப் பகுதிவரை ஒளித்து வைத்திருப்பார். பிள்ளை என் கையைப் பிடித்து நிறுத்தி, "சித்தி, அவர் ஏன் கதைக்கிறார் இல்லை?" என்றாள். ஒரு பிள்ளையை அந்தக் கேள்விக்குக் கொண்டுவர எவ்வளவு கவனமாகச் சொல்லெடுக்க வேண்டும்! 1953இல் மறைந்தவர் எழுதியது, ஆறு வயதுக்காரிக்கு இன்றைக்கும் பிடிபடுகிறது.

சரி, புலவரின் சிறுவர் பாடல்களிலிருந்தே தொடங்குகிறேன். அப்புறம் இன்றைய பிள்ளைகள் கதைக்கிற தமிழில் நானே எழுதிப் பார்க்க வேண்டும். முதல் வாசகி ஆயத்தமாக இருக்கிறாள்.